சோபாவில் டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் கறை: எந்தப் பொருள் வேலை செய்கிறது, எது வீண் செலவு

துணி சோபாவில் எரிபொருள் சிந்திவிட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். சமையல் சோடா போடு, வினிகர் ஊற்று, கறை எடுக்கும் ஸ்பிரே வாங்கு, ஷாம்பூ வாஷ் ஆளைக் கூப்பிடு என்று நீளும். இவற்றில் எது எந்த அளவுக்கு உதவும் என்பதே இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மளிகைக் கடையில் கிடைக்கும் சோள மாவும் (கார்ன்ஃப்ளோர்) பாத்திரம் கழுவும் லிக்விடும் சேர்ந்து செய்யும் வேலையை, கறைக்கென்றே விற்கும் விலை உயர்ந்த பாட்டில்களில் பெரும்பாலானவை செய்வதில்லை. துணியில் இருக்கும் கறைக்கு இது பொருந்தும். எண்ணெய் ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் கணக்கு வேறு.

சிந்தியது எது என்று தெரியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. பெட்ரோல் 30 டிகிரியில் கொதிக்கத் தொடங்கி ஏறக்குறைய 210 டிகிரிக்குள் முழுதும் கொதித்துவிடும் கலவை. மண்ணெண்ணெய்க்கு அந்த எல்லை 150 முதல் 300 வரை, டீசலுக்கு 180 முதல் 360 வரை. நம் ஊர் அறை வெப்பத்தில் துணியில் பட்ட பெட்ரோல் சில மணி நேரத்தில் பெரும்பகுதி பறந்துவிடும். மண்ணெண்ணெய் சில நாள் எடுக்கும். டீசல் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால் பெட்ரோல் என்றால் முதல் கவலை தீ, டீசல் என்றால் கவலை எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான 2டி ஆயில் கலந்த பெட்ரோல் இரண்டு தொல்லையையும் சேர்த்துக் கொடுக்கும். பெட்ரோல் பறந்த பிறகு லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி வரை கலந்திருந்த ஆயில் மட்டும் துணியில் தங்கும், அதன் நிறமும் சேர்ந்தே தங்கும். பழைய டீசலைவிட இப்போதைய டீசலில் கந்தக வாடை குறைவு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் கந்தகம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு) இருக்க வேண்டும். ஆனாலும் மூக்கைத் துளைக்கும் அந்த வாடைக்குக் கந்தகம் மட்டும் காரணமில்லை, எண்ணெயே காரணம். அதனால் வாடை போய்விடும் என்று சும்மா விட்டுவிட முடியாது.

பெட்ரோல் என்றால் முதல் 10 நிமிடம் துப்புரவுக்கு இல்லை. அதன் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது, தரையோடு தவழும். காற்றில் அது 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பூஜை அறையில் எரியும் குத்துவிளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், அடுப்பு எல்லாம் முதலில் அணைய வேண்டும். ஃபேன், லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சுவிட்சுக்குள் எழும் சிறு பொறி போதும். கதவு ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, தூக்க முடிந்தால் சோபாவையோ குஷனையோ வெளியே நிழலில் வையுங்கள். வாக்குவம் கிளீனரைப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கொண்டேதான் சுற்றும், அது உறிஞ்சுவதோ பெட்ரோல் ஆவி. ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் எதுவுமே எந்த எரிபொருள் கறைக்கும் ஆகாது. கையுறை போடுவதானால் நீல நைட்ரைல் கையுறை போடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளை ரப்பர் கையுறை எரிபொருளில் உப்பி நைந்துவிடும்.

அடுத்தது ஒற்றி எடுப்பது. தேய்த்தால் எண்ணெய் நூலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும், கறையும் அகலமாகும். வெள்ளை பருத்தித் துணியை நான்காக மடித்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்து, ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பி வையுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித்தான் வர வேண்டும். வெள்ளைத் துணி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாயத்துணியின் சாயம் எரிபொருளில் கரைந்து சோபாவில் ஏறும். மேலும், எவ்வளவு எண்ணெய் வந்தது என்பது வெள்ளையில்தான் தெரியும். குஷனுக்கு ஜிப் இருந்தால் உடனே திறந்து உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஷீட்டையோ அலுமினியம் ஃபாயிலையோ செருகுங்கள். இந்த ஒரு வேலைதான் பின்னால் ஃபோம் மாற்றும் செலவை மிச்சப்படுத்தும், பலரும் மறப்பதும் இதைத்தான்.

உறிஞ்சும் பொடிகளில் சோள மாவுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். துகள் மென்மையானது, வெள்ளை நிறம், கறை விடாது, எண்ணெயை நன்றாக இழுக்கும். உள்ளங்கை அகலக் கறைக்கு 3 அல்லது 4 டேபிள்ஸ்பூன், அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப வேண்டும். பெட்ரோலில் கலந்திருந்த 2டி ஆயிலுக்கு ஒரு மணி நேரம் போதும், டீசலுக்கு இரவு முழுக்க விட வேண்டும். காலையில் மாவு கட்டிகட்டியாகவும் மஞ்சளாகவும் இருந்தால் வேலை நடந்திருக்கிறது. தட்டி எடுத்துவிட்டு இரண்டாம் தரம் போடுங்கள். போட்ட மாவு நிறம் மாறாமல் வந்த பிறகுதான் ஈரம் காட்ட வேண்டும். ஈரத் துணியில் மாவு போட்டால் பசையாகி நூலில் ஒட்டிக்கொள்ளும், அது தனிக் கறை.

முல்தானி மட்டி எண்ணெய் இழுப்பதில் சோள மாவைவிட ஒரு படி மேல். கம்பளியிலிருந்து எண்ணெய் எடுக்கவே பழங்காலத்தில் இந்த வகை மண்ணைப் பயன்படுத்தினார்கள். சிக்கல் அதன் நிறம். வெளிர் துணியில் மண் மஞ்சள் படிந்துவிடும். கரும்பழுப்பு, கருநீலம், சாம்பல் நிற சோபாவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டால்கம் பவுடர் அவசரத்துக்கு ஆகும், ஆனால் வாசனை டீசலோடு கலந்து இன்னும் மோசமான வாடை வரும்.

சமையல் சோடாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். அது புளித்த பால், வியர்வை போன்ற அமில வாடையைக் கொல்லும். அமிலத்தோடு வினை புரிவதுதான் அதன் வேலை. டீசல் வாடை அமிலம் அல்ல, அது வெறும் ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த எண்ணெய்ப் பொருள். சோடாவுக்கு அங்கே வினை புரிய ஒன்றுமே இல்லை. பொடி என்ற வகையில் கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சும், அவ்வளவுதான். ஐந்துக்கு ஒன்றரை. வினிகருக்கும் இதே கதை. சோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரைக்க வைப்பது இரண்டையும் வீணாக்குவது, மிஞ்சுவது உப்புத் தண்ணீர்.

இனி முக்கியமான பொருள், பாத்திரம் கழுவும் லிக்விட். விம், பிரில், எக்ஸோ என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் வேலை ஒன்றுதான். அதிலுள்ள துப்புரவுப் பொருளின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். அப்படித்தான் எண்ணெய் துணியை விட்டு வெளியே வரும். லிக்விட் மட்டும்தான். சோப்புக் கட்டியிலும் பவுடரிலும் தேய்க்கும் துகள் உண்டு, சோபாத் துணியை அது சொரசொரப்பாக்கிவிடும். துணி துவைக்கும் லிக்விடும் ஆகும், ஆனால் அதில் துணியைப் பளிச்சென்று காட்டும் ரசாயனம் இருந்தால் வெளிர் நிறத் துணியில் கறை இருந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும்.

அளவு: 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. கூட ஊற்றினால் கறை சீக்கிரம் போகும் என்று தோன்றும், போகாது. அலச முடியாத சோபாவில் மிச்ச சோப்பு தங்கி, அடுத்த மாதமே அழுக்கை இழுத்துக் கறுப்பு வட்டமாகும். கரைசலை முட்டை அடிக்கும் கம்பியால் அடித்து நுரையை மட்டும் எடுங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது. மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷில் நுரையை எடுத்து, நெசவு போகும் திசையில் 2 நிமிடம் மெல்லத் தட்டி, 5 நிமிடம் விட்டு, உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்ற வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் ஒற்றிச் சோப்பை எடுக்க வேண்டும். இது ஒரு சுற்று. டீசலுக்கு 4 முதல் 6 சுற்று வரை ஆகலாம். ஒற்றும் துணியில் மஞ்சள் வருவது நின்றால் நிறுத்தலாம். முதல் சுற்றிலேயே கறை போகவில்லை என்று பலர் சலித்து ஸ்பிரே வாங்கப் போகிறார்கள். அங்கேதான் பணம் போகிறது. பொறுமையாகச் செய்தால் இந்த லிக்விடுக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒற்றும் தண்ணீர் ஆர்ஓ தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில், கறை போன பிறகும் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். அது கறை அல்ல, காய்ந்த உப்பு. கறை பட்ட இடத்தை மட்டும் நனைத்தாலும் தண்ணீர் வளையம் விழும். அதனால் கடைசிச் சுற்றில், பிழிந்த துணியால் தையலிலிருந்து தையல் வரை அந்தப் பாகம் முழுவதையும் லேசாக ஈரப்படுத்திவிட்டால் ஒரே சீராகக் காயும்.

காய்ந்த பிறகு கறை திரும்பி வந்தால் லிக்விடைக் குறை சொல்லாதீர்கள். ஃபோமுக்குள் இறங்கிய எண்ணெய், மேலே துணி காயக் காய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி நூல் வழியாக ஏறி வருகிறது. இதற்கு மருந்து இன்னொரு கழுவல் அல்ல. கறையின் மேல் மடித்த வெள்ளைத் துணியை நான்கைந்து அடுக்காக வைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய இரண்டு மூன்று கனமான புத்தகங்களை அதன் மேல் ஏற்றி, இரவு முழுக்க விடுங்கள். ஏறி வரும் எண்ணெய் துணியில் போய் நிற்கும். மூன்று இரவு செய்தும் துணி மஞ்சளாகிக்கொண்டே இருந்தால், உள்ளே எண்ணெய் நிறைய இருக்கிறது என்று பொருள்.

என்சைம் ஸ்பிரேக்கள் இந்த வேலைக்கு இல்லை. அதிலுள்ள லைபேஸ் என்ற என்சைம் சமையல் எண்ணெய், நெய், உடல் கொழுப்பு போன்றவற்றின் பிணைப்பை உடைக்கும். டீசலில் அந்தப் பிணைப்பே கிடையாது. பாட்டிலில் கிரீஸ், ஆயில் எல்லாம் போகும் என்று எழுதியிருந்தால், அதைச் செய்வது என்சைம் அல்ல, கூடவே இருக்கும் சோப்பு. அந்தச் சோப்பை லிக்விடாகவே மலிவாக வாங்கிவிடலாம். வேனிஷ் போன்ற ஆக்ஸிஜன் பவுடர்களும் அப்படியே. சோடியம் பெர்கார்பனேட் டீ, மஞ்சள், பழச்சாறு நிறத்தை வெளுக்கும். எண்ணெய் நிறமல்ல, பொருள். வெளுத்தாலும் அது அங்கேயே இருக்கும். குளோரின் பிளீச் இன்னும் மோசம், கறையை விட்டுவிட்டு சோபாவின் சாயத்தை எடுத்துவிடும். மூன்றுக்கும் சேர்த்து ஐந்துக்கு ஒன்று.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விஷயம் வேறு. ரேஷன் கடை மண்ணெண்ணெயில் போடும் நீலச் சாயமும் 2டி ஆயிலின் நிறமும் எண்ணெயில் கரையும் சாயங்கள். எண்ணெய் போன பிறகும் நீலமோ பச்சையோ மங்கலாக நின்றால் லிக்விட் அதை அசைக்காது, ஆல்கஹால் அசைக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட் பெரும்பாலும் 70 சதவீதம்தான், மீதி தண்ணீர். 99 சதவீதம் வேண்டும். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில், சென்னையில் ரிச்சி தெரு பக்கம், ஐபிஏ என்று கேட்டாலே கொடுப்பார்கள். காட்டன் பட்ஸில் தொட்டு, சாயம் நிற்கும் இடத்தில் மட்டும் வைத்து, உடனே ஒற்றுங்கள். முதலில் சோபாவின் பின்புறம் கீழே ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள், சோபாவின் சொந்தச் சாயமும் இதில் வரக்கூடும். இதுவும் 12 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி விடும் திரவம். பெட்ரோல் வாடை முழுதும் போகாத நேரத்தில் பாட்டிலையே திறக்க வேண்டாம். சானிடைசர் ஜெல் இதற்கு மாற்றாகாது, அதிலுள்ள பிசின் துணியில் ஒட்டும். இந்த ஒரு பயனுக்கு மட்டும் ஐபிஏவுக்கு நான்கு.

யூகலிப்டஸ் தைலம் தாரையும் கிரீஸையும் இளக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் எண்ணெய்தான். போட்டால் அதையும் சேர்த்துக் கழுவ வேண்டும். டீசலோடு கறுப்பு கிரீஸும் பட்டிருந்தால் மட்டும் சில சொட்டு போதும், வெறும் டீசலுக்குத் தேவையில்லை. துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே, தின்னர், டர்பன்டைன் வகையறாவைச் சோபாவில் ஊற்றுவது கறையைப் பெரிதாக்குவதுதான். தின்னர் உள்ளே இருக்கும் ரப்பர் பசையையும் கரைத்துவிடும்.

துணி வகை பார்க்காமல் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சோபாவின் அடியிலோ குஷன் ஜிப்புக்கு உள்ளேயோ லேபிள் இருந்தால் டபிள்யூ என்றால் தண்ணீர் படலாம், எஸ் என்றால் சால்வென்ட் (எண்ணெயைக் கரைக்கும், தண்ணீர் இல்லாத திரவம்) மட்டும், டபிள்யூஎஸ் என்றால் இரண்டும், எக்ஸ் என்றால் வாக்குவம் தவிர எதுவும் கூடாது. நம் ஊரில் ஆசாரி வைத்துச் செய்த சோபாக்களில் லேபிளே இருக்காது. அப்போது மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காய்ந்த பின் தடம் விழுகிறதா என்று பாருங்கள். பாலியெஸ்டர், ஸ்வேட் எனப்படும் மைக்ரோஃபைபர் இரண்டும் எண்ணெயை விரும்பிப் பிடிக்கும், ஆனால் கழுவலைத் தாங்கும். பருத்தியும் லினனும் கழுவும்போது சுருங்கலாம், உறை மறுபடி குஷன் மேல் ஏறாது. ஜிப் இருப்பதாலேயே வாஷிங் மெஷினில் போடலாம் என்று அர்த்தமில்லை. ரேயான் கலந்த பளபளப்பான வெல்வெட் தண்ணீர் பட்டால் வலுவிழந்து முடி படுத்துவிடும். அதற்கு மாவோடு நிறுத்திக்கொண்டு டிரை கிளீனரிடம் போவது நல்லது. ஜூட் துணியிலும் தண்ணீர் பட்டால் பழுப்பு வளையம் விழும்.

கழற்ற முடிந்த உறைக்கு டிரை கிளீனிங் மிகப் பொருத்தமான சேவை. பல லாண்ட்ரிகளில் பெட்ரோல் வாஷ் என்று சொல்வது மினரல் டர்பன்டைன் ஆயிலில் அலசுவது. எண்ணெயை எண்ணெய் கரைக்கும், தண்ணீரும் படாது. கொடுக்கும்போது டீசல் கறை, இந்த இடத்தில், இதுவரை இன்னதெல்லாம் போட்டேன் என்று சொல்லிக் கொடுங்கள். சோப்பு மிச்சம் இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பெட்ரோல் ஈரம் காயாத துணியைக் கொண்டுபோகவே கூடாது, வீட்டு மெஷினிலும் போடக் கூடாது. வெளியே கொடியில் வாடை அடங்கும் வரை தொங்க விட்ட பிறகே மற்றது.

வீட்டுக்கு வரும் சோபா ஷாம்பூ வாஷ் சேவையில் ஏற்றத்தாழ்வு அதிகம். புக் செய்யும் முன் இரண்டு கேள்வி போதும். ஒன்று, தண்ணீரை உள்ளே அடித்து உடனே திரும்ப உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்ஷன் மெஷின் உண்டா, அல்லது நுரை போட்டு பிரஷ்ஷால் தேய்த்துத் துடைப்பது மட்டுமா. இரண்டாவது, எண்ணெய்க் கறைக்குத் தனியாகப் போடும் சால்வென்ட் கொண்டு வருவார்களா. இரண்டுக்கும் ஆம் என்றால் கொடுக்கும் பணம் தகும், குறிப்பாகக் கறை பெரிதாக இருந்தால். வெறும் நுரையும் பிரஷ்ஷும் என்றால், எண்ணெயை இன்னும் கீழே தள்ளிவிட்டு மேலே வாசனை அடித்துவிட்டுப் போவார்கள். ஒரு வாரத்தில் கறை ஏறி வரும். ஸ்டீம் மட்டும் அடிப்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். சூடு டீசலை இளக்கிப் பரப்பும், வாடையை அறை முழுக்கக் கிளப்பும். பெட்ரோல் பட்டதாக இருந்தால் வாடை துளியும் இல்லாமல் போன பிறகே அவர்களை அழையுங்கள், அழைக்கும்போதே சொல்லியும் விடுங்கள். அவர்களுடைய மெஷினும் மோட்டார்தான். வேலை முடிந்து 6 முதல் 8 மணி நேரம் ஃபேன் காற்றில் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாளும் ஆகும். காயாத ஃபோம் பூஞ்சை பிடித்தால் டீசல் வாடையே தேவலை என்றாகிவிடும்.

வாடைக்கு ரூம் ஸ்பிரே வேண்டாம். ஆக்டிவேட்டட் சார்கோல்தான் ஹைட்ரோகார்பன் ஆவியைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைக்கும். மீன் தொட்டிக் கடைகளில் ஃபில்டருக்காக விற்கும் கரித்துகள் அதுதான். 200 முதல் 300 கிராம் வரை துணிப் பையில் கட்டி, குஷனோடு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூன்று நான்கு நாள் மூடி வையுங்கள். பெட்ரோல் பட்ட குஷன் என்றால் முதலில் வெளியே காற்றாட விட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். அடுப்புக் கரி இந்த அளவுக்கு இழுக்காது. டீசல் லேசாகப் பட்டிருந்தால் கரியும் காற்றும் சேர்ந்து ஒரு வாரம், பத்து நாளில் வாடையை அடக்கும்.

அரை டம்ளர், அதாவது 100 மில்லிக்கு மேல் டீசல் குஷனில் இறங்கியிருந்தால், எங்கள் கணிப்பில் கழுவுவதைவிட ஃபோம் மாற்றுவதே மலிவு. குஷன் ஒர்க்ஸ் கடையில் பழைய ஃபோமின் நீளம், அகலம், கனம், டென்சிட்டி நான்கையும் சொல்லுங்கள். உட்காரும் குஷனுக்கு 32 அல்லது 40 டென்சிட்டி, சாயும் பக்கத்துக்கு அதைவிட மெதுவானது போதும். ஃபோமைத் துண்டுகளாக ஒட்டியிருக்கும் ரப்பர் பசை எண்ணெயில் ஊறி விட்டுவிடும் என்பதால், பழைய ஃபோமின் நனையாத பாதியை வெட்டி வைத்து ஒட்டச் சொல்லாதீர்கள். அந்த ஓரம் ஆறு மாதத்தில் பிரியும். அடியிலுள்ள பிளைவுட்டும் பட்டை வலையும் எண்ணெய் குடித்திருக்கிறதா என்று மோந்து பாருங்கள். பிளைவுட்டில் ஏறியிருந்தால் மாவு போட்டு இழுத்து, லிக்விடால் துடைத்து, இரண்டு மூன்று நாள் காய விட்ட பிறகே புது ஃபோமை வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் போட்ட பசை பிடிக்காது, வாடையும் புது ஃபோமில் ஏறிவிடும்.